‘வராது’ என்று சொன்ன எம்.எல்.ஏ.

போன மழைக்காலத்தில் ஒரு காலை. பாலக்காடு மாவட்டத்து மீனாட்சிபுரத்தில், என் வீட்டுத் தொழுவத்தில், உதை வாங்காமல் பால் கறப்பது எப்படி என்ற ஆராய்ச்சியில் இருந்தேன். ஓய்வூதியம் வாங்குகிறவன் மாடு வளர்த்தால் அது பொழுதுபோக்கு என்று மாட்டுக்கும் தெரிந்துவிடுகிறது. அப்போது கைப்பேசி அடித்தது. இடுக்கியிலிருந்து பிரவீன். நான் வேலை பார்த்த தொகுதியின் இப்போதைய எம்.எல்.ஏ.வுக்கு நேர்முக உதவியாளர். நான் உட்கார்ந்து தேய்த்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர்.

“சாரே, ஒரு அர்ஜன்ட் காரியம். யானை அடிச்சு ஒருத்தர் போயிட்டாரு. பாடிய எடுக்க விடமாட்டேங்காங்க. நம்ம எம்எல்ஏ வந்து பேசியும் கேக்கல. நீங்கள்லாம் எப்படி எடுத்தீங்க?”

எந்த இடம், யார் என்று கேட்டேன். சொன்னார். பால் பாத்திரத்தை மாட்டின் காலுக்கு எட்டாத இடத்தில் வைத்தேன்.

“பத்து நிமிசங் குடுங்க தம்பி. நானே கூப்புடறனுங்க” என்றேன்.

என் மனைவி வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏனுங்க, ரிட்டையராயி இத்தன நாளாச்சு. இன்னும் எழவூட்டுப் பேச்சு உங்கள உடலீங்களா?”

விடவில்லைதான். அந்தப் பத்து நிமிடத்தில் எனக்குள் ஓடியதையே இங்கே எழுதுகிறேன். எழுதும்போது கொஞ்சம் நீண்டுவிட்டது. அரசுப் பணியில் இருந்தவனுக்கு அது வழக்கம்.

தமிழில் படித்து, மலையாளத்தில் தேர்வு எழுதி, இரண்டிலும் அரைகுறை என்ற தகுதியால் மொழிபெயர்ப்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். நிறையப் புத்தகம் படித்திருந்தேன். அதனால் ஒரு கடிதத்தை இரண்டு வரியில் முடிக்கத் தெரியாது. என்னை என்ன செய்வது என்று மேலதிகாரிகள் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில், தமிழ் பேசும் எம்.எல்.ஏ. ஒருவருக்கு இரு மொழி தெரிந்த உதவியாளர் தேவைப்பட்டார். எல்லோருடைய கவலையும் ஒரே உத்தரவில் தீர்ந்தது.

எம்.எல்.ஏ.வின் பெயர் ஞானமுத்து. சின்னக்கானல் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களின் மகன். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை லயம் என்பார்கள். அப்படி ஒரு லயத்தில் பிறந்து, தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்து, யூனியனில் நின்று, சட்டமன்றத்துக்கு வந்தவர். தோட்டத்துச் சனங்களுக்கு அவர் ‘அண்ணாச்சி’. எனக்கு ‘சார்’. அவருக்கு நான் ‘பாலக்காட்டார்’. முதல் நாளே என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இம்புட்டு வெள்ளைச் சட்டையா கொண்டு வந்தீரு? அட்டை கடிச்சா ரத்தம் நல்லாத் தெரியும்வே” என்றார். அவர் எனக்குக் கொடுத்த பயிற்சி அவ்வளவுதான்.

எம்.எல்.ஏ. உதவியாளரின் வேலை சட்டம், திட்டம் சம்பந்தப்பட்டது என்று நினைத்துக்கொண்டு போனேன். பத்தில் எட்டுப் பங்கு சாவு வீடுகள். மீதி கல்யாணங்கள். கல்யாணத்துக்கு வராத எம்.எல்.ஏ.வை எங்கள் மலையில் மன்னிப்பார்கள். சாவுக்கு வராதவரை மன்னிக்க மாட்டார்கள். நான் மலையாளத்தில் அதிகம் எழுதிய சொல் ‘அனுசோசனம்’. இரங்கல். அதைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். பல நாள் அப்படித்தான் எழுதினேன்.

ஒவ்வொரு காலையும் புறப்படும்போது ஜீப்பில் இரண்டு மலர்வளையம், எங்கள் பேச்சில் ‘ரீத்து’, ஏற்றுவேன். ஒன்று, நமக்குத் தெரிந்த சாவுக்கு. மற்றது, போகிற வழியில் தெரியப்போகிற சாவுக்கு. அது யாருக்கு என்று வாங்கும்போது தெரியாது. பூக்கடைக்காரர் அட்டையில் பெயர் எழுதக் கேட்பார். “காலியா உடுங்க” என்பேன். யாருக்கோ என்று வாங்கிய அந்த வளையம் ஒரு நாளும் வாடிப்போய் வீடு திரும்பியதில்லை.

ஞானமுத்து சாவு வீட்டுக்குப் போகும் விதம் தனி. முற்றத்துக்கு வெகுதூரம் முன்பே செருப்பைக் கழற்றிவிடுவார். மழையில், சேற்றில், அட்டைக்கு நடுவில் வெறுங்காலோடு நடப்பார். எல்லா அரசியல்வாதிகளும் தலைமாட்டில் போய் நிற்பார்கள், படம் நன்றாக விழும் என்பதால். இவர் கால்மாட்டில் நிற்பார். வீட்டுக்காரர்கள் பேசும்வரை பேசமாட்டார். யாராவது பாலில்லாத கட்டன் சாயா கொடுத்தால் குடிப்பார். எதிர்க்கட்சிக்காரரின் சாவானாலும் இதேதான். பின்னாலேயே குடையோடு ஓடும் எனக்குத்தான் எங்கே நிற்பது என்று தெரியாது. பல குடும்பங்களின் சாவுப் படங்களில், ஓரத்தில், குடையும் அரை முகமுமாக நான் இருக்கிறேன்.

சட்டமன்றத்திலும் அவர் தமிழில்தான் பேசுவார். சிறுபான்மை மொழி உறுப்பினருக்கு அந்த அனுமதி உண்டு. ஆனால் பேசப்போவதன் சுருக்கத்தை மலையாளத்தில் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். அதை எழுதுவது நான். இதில் ஒரு வசதி இருந்தது, அமைச்சருக்கு. இவர் எழுந்து கண் கலங்கப் பேசிக்கொண்டிருக்கும்போதே, அங்கே பதில் தட்டச்சாகி மேசையில் இருக்கும்.

அப்படி அவர் மூன்று முறை பேசிய விஷயம் ஒன்று உண்டு. பூப்பாறைக்கு மேலே, யானைகள் ஏரிக்கு இறங்கும் வழியில் ஒரு காலனி. நிலமில்லாதவர்களுக்கு நிலம் கொடுத்தபோது, யாருக்கும் வேண்டாத இடமாகப் பார்த்துக் கொடுத்தார்கள். யானைக்கு வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. குடியேறிய ஆண்டே சாவு தொடங்கியது. இறங்கிப் போகவும் வழியில்லை. விட்டுப் போனால் நிலத்தின் மேல் இருந்த உரிமை போய்விடும், விற்கவும் முடியாது. வாழ்நாளில் அவர்கள் பெயருக்கு வந்த ஒரே சொத்து அது. அரசே வேறு இடம் கொடுத்து எங்களை இறக்கட்டும் என்று காத்திருந்தார்கள். ஞானமுத்து மூன்று கூட்டத்தொடரில் அதைக் கேட்டார். மூன்று முறையும் ‘பரிசீலனையில் உள்ளது’.

மூன்றாம் முறை வெளியே வரும்போது சொன்னார்: “பாலக்காட்டாரே, அடுத்த தடவ பதிலயும் நீரே எழுதிக் குடுத்துரும். மந்திரிக்கு வேலை மிச்சம்.”

இனி, அதற்குப் பிறகு வந்த ஒரு காலை.

முருகன் என்பவர் அந்தக் காலனிக்காரர், ஏலக்காய்த் தோட்டத்தில் மருந்து அடிக்கிறவர். மூடுபனி விலகுமுன் பஸ்ஸைப் பிடிக்க இறங்கியவரை ஒற்றைக் கொம்பன் அடித்துவிட்டது. அந்த யானையைக் காலனியில் யாரும் யானை என்று சொல்வதில்லை. ‘அவன்’ என்பார்கள். “அவன் நேத்து ரேஷன் கடைப் பக்கம் வந்தான்” என்று, கடன்காரனைச் சொல்வது போல.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. இப்படிச் செத்தவர் உடலை எடுக்க விடமாட்டார்கள். பாதையில் கிடத்தி, சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். தாசில்தார் வருவார், வனத்துறை ரேஞ்சர் வருவார், போலீஸ் வரும். கடைசியில் எம்.எல்.ஏ. வந்து, உடலுக்கு முன்னால் நின்று, கேட்டதைச் செய்து தருகிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். எழுத்து வேண்டாம். வாக்குப் போதும். சொன்னதும் எழுந்து வழிவிடுவார்கள். உடல் போஸ்ட்மார்ட்டத்துக்கு இறங்கும். அதன் பிறகு வாக்கு என்னவாயிற்று என்று கேட்க அவர்கள் கையில் உடல் இருக்காது. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் சொல்வார்கள்.

நாங்கள் போனபோது நல்ல மழை. பாதை வளைவில் ஒரு பெஞ்சின் மேல் முருகன். தார்ப்பாய் மார்புவரை மூடியிருந்தது. மகள், எட்டாம் வகுப்பு இருக்கும், தன் பள்ளிக்கூடக் குடையை அப்பாவின் முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் நனைந்துகொண்டிருந்தாள். மனைவி பேச்சியம்மாள் தரையில், சேற்றில்.

ரேஞ்சர் என்னிடம் வந்து மெதுவாக, “எம்எல்ஏ ஒரு வாக்கு பறஞ்சா மதி. பாடி எடுக்கலாம்” என்றார். ஒரு சொல் போதும் என்றால் என்னிடம் பத்துச் சொல் தயாராக இருந்தது. ‘அரசின் மேலான கவனத்துக்குக் கொண்டுபோய் உரிய நடவடிக்கை உடனடியாக.’ ஜீப்பிலேயே ஞானமுத்து காதில் ஓதியிருந்தேன். அவர் வளைவுக்கு முன்பே செருப்பைக் கழற்றினார்.

கால்மாட்டில் போய் நின்றார். வெகுநேரம். பேச்சியம்மாள்தான் முதலில் பேசினாள்.

“அண்ணாச்சி, எனக்குத் துட்டு வேண்டாம். எங்கள இங்கருந்து எறக்கி விடுங்க. கீழ எங்கனயாச்சும் ஒரு குடிசை போடுத அளவு எடம் போதும். இவள வச்சுக்கிட்டு இனி எப்படி இங்க கெடப்பேன்? எறக்குவாங்களா?”

ஞானமுத்து அந்தச் சிறுமியின் குடையைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“எறக்க மாட்டாங்க தாயி.”

மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்றுதான் பாதிப் பேர் நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

“மூணு தடவ சபையில கேட்டுட்டேன். மூணு தடவையும் ஒரே பதிலு. நாலாவதும் கேப்பேன். அதே பதிலுதான் வரும். ஒம் மக படிச்சு முடிக்குத வரைக்கும் வராது. அத நம்பி இங்க கெடக்காத. நெலம் போனாப் போகுது. நீ போயிரு.”

தாசில்தார் என்னைப் பார்த்தார். ‘இதை யார் எழுதிக் கொடுத்தது?’ என்று கேட்கும் பார்வை.

கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். செல்லையா. பக்கத்து வீட்டுக்காரர். காலனிக்கே தொண்டை அவர்தான்.

“இதச் சொல்லவாய்யா வந்தீரு? இதச் சொல்ல எம்எல்ஏ எதுக்கு? அதான் யானையே வந்து சொல்லிட்டுப் போயிருச்சே!”

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எல்லோருக்கும் பேச்சு வந்துவிட்டது. ஓட்டு வாங்க வந்த வாய் இதுதானா என்றார் ஒருவர். ஒரு மண்கட்டி பறந்து வந்து என் சட்டையில் விழுந்தது. வெள்ளைச் சட்டை, குறி தவறாது. ஞானமுத்து நகரவில்லை. சொன்னதை மாற்றவும் இல்லை.

நண்பகலில் எதிர்க்கட்சிக்காரர் ஜீப்பில் வந்து இறங்கினார். அடுத்த தேர்தலில் எங்களை எதிர்த்து நிற்கவிருந்தவர். நேரே தலைமாட்டுக்குப் போனார். “மூணே மாசம். நான் எறக்கித் தாரேன். இது என் வாக்கு” என்றார். அவ்வளவுதான். செல்லையா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முதல் ஆளாகப் பெஞ்சைப் பிடித்தார். மற்றவர்கள் கை கொடுத்தார்கள். உடல் இறங்கியது. அந்தச் சிறுமி குடையோடு கூடவே ஆம்புலன்ஸ்வரை நடந்தாள்.

திரும்பும் வழியில் என்னால் பொறுக்க முடியவில்லை. “சார், ஒரு வார்த்தைதானுங்களே. சும்மா வாய்ல சொல்லியிருந்தா ஆச்சுங்க. எலெக்சன் வேற வருதுங்க.”

சேற்றுக் காலைத் துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“எங்கண்ணன் செத்தது தெரியுமாவே ஒமக்கு? நெஞ்சுவலி. லயத்துலருந்து கம்பிளியில கட்டித் தூக்கிட்டு நடந்தோம். பாதி வழியில போயிட்டான். ரோட்டுலயே கெடத்தி உக்காந்துட்டோம். அன்னைக்கி இருந்த எம்எல்ஏ வந்தாரு. ஒரு மாசத்துல லயம் வரைக்கும் ஜீப்பு ரோடு வரும்னு அண்ணன் முன்னால நின்னு சொன்னாரு. சரின்னுட்டேன். மொதல்ல தூக்குனது நான்தான். இன்னைக்கி செல்லையா தூக்குனான்ல, அதே மாதிரி.”

“ரோடு?”

“எங்கம்மா சாகுத வரைக்கும் தெனம் காலைல எந்திரிச்சு அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு இருப்பா. வேற லயத்துக்கு மாறிப் போவம்னா வரமாட்டா. ரோடு வரப்போகுதுல்லான்னுவா. அவளையும் கம்பிளியிலதான் தூக்குனோம். வாய்ல சும்மா சொல்லச் சொல்லுதீரு. அது சும்மா போகாதுவே. வீட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கிடும்.”

நான்காம் முறையும் அவர் சபையில் கேட்டார். அதே பதில் வந்தது.

பேச்சியம்மாள் காரியம் முடிந்த வாரமே கிளம்பிவிட்டாள். ஆடுகளை விற்றாள். கூரைத் தகரத்தைப் பிரித்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, மகளோடு போடிமெட்டு வழியாகக் கீழே இறங்கினாள். மூன்று மாதத்தில் இடம் வரப்போகிறது, இப்போது போனால் உரிமை போகும் என்று செல்லையாவும் அவர் மனைவி பொன்னுத்தாயும் ஜீப்பை மறித்து நின்று சொன்னார்களாம். புருசன் செத்ததில் புத்தி கலங்கிவிட்டது என்று காலனி முடிவு செய்தது. கூரையில்லாத வீடு அந்த மழைக்குள்ளேயே விழுந்தது. தள்ளியது மழையா யானையா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. மகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழுக்காக என்னைக் கூப்பிட்டாள். வாங்கி அனுப்பினேன். அந்த எண் ‘பேச்சியம்மாள் போடி’ என்று இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது.

தேர்தலில் அந்த ‘மூணே மாச’க்காரரிடம் தோற்றோம். காலனி வாக்குச்சாவடியில் எங்களுக்கு ஓட்டுப் போட்டவர்களை ஒரே ஜீப்பில் ஏற்றிவிடலாம். முன்சீட்டில் இடமும் மிஞ்சும். கட்சி ஞானமுத்துவை மறுபடி நிறுத்தவில்லை. உடலுக்கு முன்னால் எப்படிப் பேசுவது என்று தெரியாதவர் என்றார்கள். அவர் சாந்தன்பாறைக்குப் போய், கொஞ்சம் மிளகுக்கொடியும் நிறைய மூட்டுவலியுமாக உட்கார்ந்துவிட்டார். நான் பழைய பிரிவுக்கே திரும்பி, ஐம்பத்தாறு வயதில் பொன்னாடை போர்த்தப்பட்டு வெளியே வந்தேன். மூன்று மாதம் போய் ஆண்டுகள் ஆயின. காலனி அங்கேயேதான் இருந்தது.

நான் தொழுவத்தில் இருந்தபோது பிரவீன் சொன்னது அதே காலனியைத்தான். இறந்தவர் செல்லையா.

பத்து நிமிடம் ஆவதற்குள் பிரவீனே மறுபடி கூப்பிட்டுவிட்டார். குரல் இறங்கியிருந்தது.

“சாரே, அந்தச் செல்லையா சம்சாரம் ஒண்ணு சொல்லுது. நம்ம எம்எல்ஏ மொகத்துக்கு நேராவே சொல்லிட்டுது. ‘வரும்னு சொன்னவுக எல்லாம் வந்தாச்சு. வராதுன்னு சொன்னவரக் கூட்டிட்டு வாங்க’ன்னு. அவரு வருவாரா சாரே?”

ஞானமுத்துவைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

“நான் போயி என்னத்தவே சொல்ல? பதவியும் இல்ல, ஒண்ணும் இல்ல. வராதுங்கதுக்குப் பதவி எதுக்குன்னு கேக்கீரா?”

“நான் ஒண்ணுமே கேக்கலீங்க சார்.”

“ஜீப்பு அனுப்பச் சொல்லும். ரீத்து ஒண்ணும் வாங்க வேண்டாம்னு சொல்லிரும்.”

அன்று நான் மாட்டை மறுபடி கறக்கவில்லை. மாட்டுக்கு அது ஒரு வெற்றிதான். சாயங்காலம் பிரவீன் கூப்பிட்டார்.

வளைவுக்கு முன்பே செருப்பைக் கழற்றிவிட்டாராம். முட்டி மடங்காததால் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்களாம். இப்போதைய எம்.எல்.ஏ. தலைமாட்டிலிருந்து விலகி வழிவிட்டாராம். இவர் கால்மாட்டிலேயே நின்றாராம்.

“அந்தம்மா கேட்டாங்க சாரே, ‘அண்ணாச்சி, எங்கள எறக்குவாங்களா?’ன்னு. இவரு, ‘மாட்டாங்க தாயி’ன்னாரு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்லல.”

“யாராச்சும் சத்தம் போட்டாங்களா?”

“இல்ல சாரே. சத்தமே இல்ல. அந்தம்மா எந்திரிச்சு, பெஞ்சோட ஒரு காலத் தானே பிடிச்சாங்க. பொறவு எல்லாரும் வந்து தூக்குனாங்க.”

பின்னால் ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது.

“சாரே, பேச்சியம்மான்னு ஒருத்தங்க போடியில இருக்காங்களாமே. அவங்க நம்பர் ஒங்ககிட்ட இருக்கும்னு அண்ணாச்சி சொன்னாரு. செல்லையா சம்சாரத்துக்கு வேணுமாம்.” பக்கத்தில் யாரிடமோ ‘இருங்க’ என்று சொல்லிவிட்டு, “அவங்களுக்கு மட்டும் இல்ல சாரே. இங்கன வரிசையா நின்னு கேக்காங்க” என்றார்.